ஆசிரியர் வாட்டமும் மாணவர் வாட்டமும்

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் எதுவானாலும், தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது அங்கே இருந்தாக வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அப்போது வகுத்த 15 நெறிமுறைகளில், ஆலோசகர் நியமனம்தான் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஆசிரியர்கள் மட்டுமல்லாமல், ஆசிரியரல்லாத பணியாளர்களும் மாணவரின் மன உளைச்சலை அடையாளம் காண ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி பெற வேண்டும் என்கிறது அந்த நெறி.

வளாக வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இரண்டு நாளாகச் சாப்பிட வராத பெண்ணை முதலில் கவனிப்பவர் மெஸ்ஸில் பரிமாறும் அக்கா. நள்ளிரவில் தனியாகச் சுற்றிவரும் பையனை வாட்ச்மேன் பார்க்கிறார். தேர்வுக் கட்டணத்துக்குத் தவணை கிடைக்குமா என்று கேட்கத் தயங்கி நிற்பவரின் முகம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தருக்குத் தெரிகிறது. ஆனால் பார்த்ததை யாரிடம் சொல்வது? சொன்னால் ‘உன் வேலையைப் பார்’ என்பார்களோ என்ற அச்சம் வேறு. இவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே உறுதியில்லாதவர்கள்.

ஆசிரியர்கள் நிலையும் பல இடங்களில் இதற்கு வெகு தொலைவில் இல்லை. கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொல்லிவிட்டது. தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளிலோ, 2024இல்கூட அவர்களுக்குக் கிடைத்தது 25,000 ரூபாய்தான். அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு மட்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மாதக்கணக்கில் பணம் வராமல் போராட்டத்தில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கே கடன் வாங்கும் ஒருவரிடம், வகுப்பில் இருக்கும் அறுபது பேரில் யார் வாடியிருக்கிறார் என்று கவனித்துச் சொல்லுங்கள் என்பது என்ன நியாயம்? அப்படியும் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெருந்தன்மையை நம்பியே ஓர் அமைப்பை நடத்துவது சரியல்ல.

மாணவர் நலனுக்கு ஒரு குழு, ஊழியர் நலனுக்கு ஒரு குழு என்று தனித்தனியே அமைப்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. இரண்டும் ஒரே பிரச்சினை. முனைவர் பட்ட ஆய்வாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாதி மாணவர், பாதி ஊழியர். அவருடைய எதிர்காலம் கைடு ஒருவரின் கையெழுத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு பருவத்திலும் அவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்குழுவைக் கூட்டுபவரே கைடுதான். கைடுடன் மனக்கசப்பு என்றால் ஆய்வாளர் அங்கே எப்படி வாய் திறப்பார்? கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் கைடு வெளியே இருக்க, மற்ற உறுப்பினர்கள் ஆய்வாளரிடம் தனியே பேசட்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

விதியை மாற்றினாலே பாதி பாரம் இறங்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு வீட்டில் முடங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. உடனடித் துணைத்தேர்வு வந்தபின் அந்த நிலை மாறியது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் நிறுவனர், மருத்துவர் லட்சுமி விஜயகுமார், இதற்காக விடாமல் குரல் கொடுத்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இந்த நிம்மதி கல்லூரி மாணவர்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. இறுதியாண்டில் ஒரே ஓர் அரியர் இருந்தால் பட்டம் தள்ளிப்போகிறது, கிடைத்த வேலையும் நழுவுகிறது. மறுமதிப்பீட்டு முடிவுக்குக் காத்திருக்கையிலேயே அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் நாளும் வந்துவிடுகிறது. இந்தத் தவிப்பை எந்த ஆலோசகராலும் பேசித் தீர்க்க முடியாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தால் முடியும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. காலிப் பணியிடங்களை நிரப்புவதும், மாதம் முடிந்ததும் சம்பளம் வரச் செய்வதும், கல்வி உதவித்தொகையைக் காலத்தில் தருவதும் மனநலப் பணிகளே. 2022இல் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கப்பட்ட ‘மனம்’ என்னும் மனநல ஆதரவு மன்றங்கள் போன்ற ஏற்பாடு எல்லாக் கல்லூரிகளிலும் உயிரோடு இயங்க வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண் விடுதிச் சுவரிலும் அடையாள அட்டையின் பின்புறத்திலும் இருக்கட்டும். ஊழியர் அடையாள அட்டையிலும்தான். பெற்றோர் தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்குமுன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கேட்கட்டும். சீனியர் மாணவர்கள், தமிழ்வழியில் படித்துவந்து ஆங்கில வகுப்பில் திணறும் முதலாமாண்டுப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த நம் வளாகங்களில் இந்தத் துணைக்கு ஈடில்லை.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு மாணவர்களையும் ஆய்வாளர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் விடுதிப் பணியாளர்களையும் அழைத்துப் பேச வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் தேதி, துணைத்தேர்வுத் தேதி, சம்பளத் தேதி ஆகிய மூன்றையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவுசெய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஒரு தேதி தவறினால் விளக்கம் சொல்ல வேண்டிய அலுவலர் யார் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.