விண்வெளிக் கடிகாரமும் விருத்தாசலத்துச் சூளையும்

நிலவுப் பயணத்தின் பெயரைச் சொல்லி, எண்ணி இத்தனைதான் என்று செய்து, செல்வர்களுக்கு விற்கப்படும் கைக்கடிகாரங்களைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒருநாள் வாதம் எழுந்தது. வீண் ஆடம்பரம் என்றனர் பலர். நாங்களும் முதலில் அந்தக் கட்சியே.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் 1965-இல் நாசாவின் வெப்பம், குளிர், அதிர்ச்சிச் சோதனைகளில் தேறியது. 1970-இல் அப்பல்லோ 13 விபத்துக்குள்ளாகித் திரும்புகையில், பாதையைத் திருத்த எஞ்சினை 14 வினாடிகள் இயக்க வேண்டியிருந்தது. வீரர் ஸ்விகெர்ட் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தே அந்த வினாடிகளைக் கணக்கிட்டார். அது உழைத்த கடிகாரம். ஆனால் நிலவு வெற்றியைக் கொண்டாட 1969 முதல் அதையே தங்கத்தில் 1,014 மட்டும் செய்தார்கள். முதல் எண்ணை அதிபர் நிக்சனுக்கு அளித்தபோது, பரிசாகப் பெறத்தகாத அளவு விலை மிக்கது என்று திருப்பி அனுப்பப்பட்டது. எங்கள் கட்சிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று மகிழ்ந்தோம்!

ஆயினும் 2013-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' எங்களைத் தயங்க வைத்தது. அதன் கூடு தங்கமன்று, எஃகுமன்று; செராமிக்! மங்கலம்பேட்டைப் பெண்களுக்குச் செராமிக் என்றால் என்னவென்று சொல்லவும் வேண்டுமோ? பக்கத்து விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுடுகிறார்களே, அந்த இனந்தான். பொருள் மட்டும் வேறு, சிர்கோனியம் ஆக்சைடு. சூளையில் வேகும்போது அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். சுட்டபின் வைரம் பதித்த கருவியால்தான் தேய்க்க முடியும். மயிரிழை தவறினாலும் உள்ளே இயந்திரம் பொருந்தாது.

இதற்கு மூலமான சிர்கான் மணல் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. ராகேஷ் சர்மா விண்ணுக்குச் சென்ற அதே 1984-இல், டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் கடிகாரம் செய்கிறது. செராமிக் கடிகாரமும் அதன் பெயரில் வந்துவிட்டது. விருத்தாசலத்திலோ பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிலையமே உண்டு. மணல் இங்கே, சூளை இங்கே, கடிகாரமும் இங்கே. நாம் மட்டும் ஃபியூஸ் கட்டையோடு நின்றுவிடுவானேன்?

அந்தக் கடிகாரத்தை அணியும் ஆசை எங்களுக்கு இல்லை. (அணிந்து கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறவா முடியும்?) அதைச் சுடக் கற்கும் ஆசைதான் உண்டு. ஆதலால் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். பத்தாம் வகுப்பு முடித்து, அந்த நிலையத்தில் சேர உங்கள் மகள் கையொப்பம் கேட்டு வந்தால், "மண் வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று சொல்லிவிடாதீர்கள். இதை எழுதும் நால்வரில் இருவர் அந்தச் சொல்லை வீட்டில் கேட்டாயிற்று.