சர்வருக்குப் பெயர் வைப்பது யார்?



நம்ம கணினி அறையில் உள்ள லினக்ஸ் சர்வருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 'லோக்கல்ஹோஸ்ட்' என்றுதான் காட்டுகிறது. அது பெயரே இல்லை. எல்லாக் கணினியும் தன்னை "நான்" என்று சொல்லிக்கொள்ளும் சொல் அது.

பசங்க நடிகர் பெயரை வைக்கணும்னு சொல்றாங்க. எனக்குச் சம்மதம் இல்லை. மற்ற நடிகரின் ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா? காவேரி என்று வைக்கலாம். அது எல்லாருக்கும் பொது.

ஹோஸ்ட்நேமில் ஆங்கில எழுத்து, எண், இடையில் சிறு கோடு மட்டுமே வரலாம். 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும். காவேரியைச் சிலர் 'சி' போட்டு எழுதுறாங்க, சிலர் 'கே' போட்டு. 'கே' போட்டால் ஆறே எழுத்து, நாம் சொல்ற மாதிரியே இருக்கும்.

பெயர் மட்டும் போதாது, டொமைன் நேமும் வேண்டும். கீழச்சித்திரை வீதி ஸ்ரீரங்கத்திலும் இருக்கு, மதுரையிலும் இருக்கு. ஊர் பெயர் எழுதாமல் கடிதம் போட்டால் தபால்காரர் எங்கே கொடுப்பார்? டொமைன் நேம் அந்த ஊர் பெயர் மாதிரி. அடுத்தவர் வாங்கி வைத்த டொமைனை நாம் போடக் கூடாது. பள்ளிக்குள் மட்டும் பயன்படுத்த 'இன்டர்னல்' என்ற முடிவு இருக்கு. 2024-ல் ஐகான் அமைப்பு அதை இதற்கென்றே ஒதுக்கியது.

'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளையில் பெயரை மாற்றினால், 'ஹோஸ்ட்ஸ்' கோப்பிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரேஷன் கார்டில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர் என்ற கதைதான். சர்வருக்கே தன் பெயர் புரியாது.

லேபுக்குள் பசங்கதான் முதலில் ஓடி உட்கார்றாங்க. அதனால் பெயரும் அவங்களே வைக்கணுமா? 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் முறையை வடிவமைப்பதற்கு முன், வலையில் இருந்த கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவில் அந்தப் பட்டியலைப் பராமரித்த குழுவுக்குத் தலைவி எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண். டாட் காம், டாட் எடு போன்றவற்றைப் பிரித்ததிலும் அவர் குழுவுக்குப் பங்கு உண்டு.

ஆகவே என் கருத்து இது. வகுப்புக்கு ஒரு மாணவன், ஒரு மாணவி உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். முடிவான பெயரை, எழுத்துக்கூட்டலோடு லேப் சுவரில் எழுதி ஒட்டுவோம். பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் நாம் பாஸாகிப் போன பிறகும் அடுத்து வரும் பிள்ளைகள் அந்தப் பெயரைத்தான் தட்டச்சு செய்வார்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி