கெழவிக்கு பிபி பாக்க பட்டம் எதுக்கு?

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா மேல்படிப்பு? அதுவும் கெழடுங்களைப் பத்தி?"

படிக்க லீவு கேட்கப் போன இடத்துல ஒரு பெரிய மனுஷர் கேட்டது. அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துட்டேன். பதில் இங்க. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

நான் நர்ஸ். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குறதுதான் பொழப்பு. வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஆயா, ஒரே மாசத்துல மூணு தடவை விழுந்துட்டாங்க. "வயசாச்சு, அப்படித்தான்"னு வீட்டுல முடிச்சுட்டாங்க. உட்கார வச்சு பிபி பாத்தா அருமையா இருக்கு. எழுந்து நிக்கச் சொல்லி, மூணு நிமிஷம் கழிச்சுப் பாத்தேன். மேல் அளவு 30 இறங்கிடுச்சு. 20 இறங்கினாலே உஷாராகணும். டாக்டர்கிட்ட சொன்னேன், மாத்திரையை மாத்தினார். ஆயா அதுக்கப்புறம் விழலை. இது நான் வகுப்புல கத்துக்கிட்டது இல்லீங்க. நைட் டூட்டியில கொட்டாவி விட்டுக்கிட்டே படிச்ச ஒரு பழைய புத்தகத்துல இருந்தது.

2021லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகுது. நல்ல திட்டம். அந்த மாத்திரை எழுபது வயசு உடம்புல என்ன பண்ணுதுன்னு பாக்கக் கத்துக்க வேண்டாமா?

தமிழ்நாடு இதுல முன்னோடிதான். டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில 1978லயே சென்னை பொது மருத்துவமனையில முதியோர் பிரிவு. 1996ல சென்னை மருத்துவக் கல்லூரியில எம்.டி., நாட்டுலயே முதல்ல. 2024ல கிண்டியில தேசிய முதியோர் நல மையம். சந்தோஷம். ஆனா எம்.டி. டாக்டர்களுக்கு. வேலை பாத்துக்கிட்டே படிக்கிற இக்னோ டிப்ளமோவும் டாக்டர்களுக்கு. எம்.எஸ்சி. நர்சிங்ல குழந்தைக்குத் தனிப்பிரிவு, பிரசவத்துக்குத் தனிப்பிரிவு, மனநலத்துக்குக் கூட உண்டு. முதியோருக்கு இல்லை. நர்சுக்கு ஒரு வருஷ முதியோர் டிப்ளமோ இருக்கு, முழுநேரம். ஒரு வருஷம் நான் போயிட்டா மலைக்கு யாரு ஏறுவா?

டாக்டருக்குப் போட்டியா வரலை சாமி. கள்ளக்குறிச்சியிலேயே 2022ல மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. சனி ஞாயிறு அங்க வகுப்பு வைங்க, மிச்ச நாள் மலை வேலையையே செய்முறையா எடுத்துக்குங்க, முடிவுல பட்டம் கொடுங்க. இதுல என்ன கஷ்டம்?

டிஸ்கி: அந்தப் பெரிய மனுஷருக்கும் பிபி உண்டு. அடுத்த தடவை நிக்க வச்சுப் பாக்கறதா இருக்கேன்.