தேர்ந்து வெட்டுதலும் எஞ்சும் காடும்

ஒரு காட்டை முழுமையாக அழிப்பதைவிட, முதிர்ந்த மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டுவது மேலானது என்பதில் ஐயமில்லை. மண் வெயிலுக்கு முற்றிலும் வெளிப்படாது, இளமரங்கள் எஞ்சும், வெட்டிய இடத்தைக் காடே நிரப்பிக்கொள்ளும் என்பது வனவியலில் நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. ஆயினும், வெட்டிய மரங்களின் எண்ணிக்கை காடு இழந்ததை முழுமையாகக் காட்டுவதில்லை.

மழைக்காட்டில் எந்த மரமும் தனித்து நிற்பதில்லை. கொடிகள் ஒரு மரத்தின் உச்சியை மற்றொன்றோடு பிணைத்திருக்கின்றன. நெடுமரம் ஒன்று சாயும்போது, அண்டை மரங்களின் கிளைகளை முறித்து, சிலவற்றை வேரோடு பெயர்த்துக்கொண்டே விழுகிறது. விழுந்த தடியை இழுத்துச் செல்லப் பாதை வேண்டும். அதற்காக மேலும் சில மரங்கள் போகும். கணக்கேட்டில் பதிவாவது ஒரு மரமே. கவிகை திறந்த இடத்தில் வெயில் தரையைத் தொடுகிறது. நிழலில் வளரும் கன்றுகள் வாட, உண்ணிச்செடி போன்ற அயல்தாவரங்கள் இடம்பிடிக்கின்றன. ஈரமிழந்த சருகு கோடையில் எளிதில் தீப்பற்றும்.

எம்மரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதே முதன்மையான வினா. கோணலின்றி ஓங்கிப் பருத்த மரத்தையே வணிகம் விரும்பும். விதை மிகுதியாகத் தரும் தாய்மரமும் பெரும்பாலும் அதுவே. கோணல் மரங்களே எஞ்சினால், அடுத்த தலைமுறைக்கான விதையும் அவற்றிலிருந்தே வர வேண்டியிருக்கும். பொந்து விழுந்த முதுமரத்தைப் 'பயனற்றது' என்று அகற்றும் வழக்கமும் உண்டு. யாருக்குப் பயனற்றது? மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இருவாச்சியால் மரத்தைக் குடைந்து கூடமைக்க இயலாது. பெருமரங்களில் இயல்பாக உண்டான பொந்தையே அது நாடும். பெண்பறவை உள்ளே புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை வாரக்கணக்கில் இரை கொணர்ந்து ஊட்டுகிறது. பழம் உண்டு விதைகளைத் தொலைவில் பரப்பும் இப்பறவை அகன்றால், பெரிய விதையுடைய மரங்கள் பரவுவதும் குறையும்.

மழைக்காட்டுக்கு மட்டும் உரியதன்று இச்சிக்கல். 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்காக ஆனைமலையில் தேக்கு வெட்டப்பட்டது. தடிகளை மலைமேலிருந்து சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. பின்னர் வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட், வெட்டிய அடிமரத்தைத் தளிர்க்க விட்டும் விதை ஊன்றியும் தேக்கை மீட்டார். போற்றத்தக்க பணிதான். ஆயினும், அங்கு மீட்கப்பட்டது தேக்கு. தேக்குத் தோப்பு, பலவகை மரங்கள் கலந்த காட்டுக்கு ஈடாகாது.

கூடலூர்ப் பகுதியின் காடழிப்பை எதிர்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. நடுவணரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டத்தின்படியன்றிக் காடுகளில் மரம் வெட்டலாகாது என்பது அவ்வாணை. அச்செயல்திட்டங்கள், எத்தனை கனமீட்டர் மரம் எடுக்கலாம் என்பதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு எக்டேரிலும் எத்தனை தாய்மரங்களும் பொந்து மரங்களும் நிற்க வேண்டும் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். பிணைந்த கொடிகளை முன்னரே அறுத்து, மரம் சாயும் திசையையும் குறித்த பின்னரே வெட்ட இசைவளிக்க வேண்டும்.