டியூ தேதி வந்தாச்சு பாஸ்!

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு... இந்தப் பக்கம் ஏதாவது ஒரு காலேஜ்ல படிக்கிறீங்களா? அப்ப உங்க கிளாஸ்ல ஒருத்தர் வீட்டிலாவது லாரி இருக்கும். இல்லேன்னா போர் போடுற ரிக் வண்டி இருக்கும். ரெண்டும் இல்லாட்டி, அந்த ரெண்டுக்கும் கடன் கொடுத்தவர் இருப்பார். இந்த வாரம் அந்த மூணாவது ஆளைப் பத்திப் பேசுவோம்.

அதுக்கு முன்னாடி கனடா வரைக்கும் ஒரு ட்ரிப். 1896-ல் க்ளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைச்சது. ரெண்டே வருஷத்துல டாசன்னு ஒரு ஊரு முளைச்சு, ஆயிரக்கணக்கில் ஜனம் குவிஞ்சுது. 1898-ல் கனடியன் பேங்க் ஆஃப் காமர்ஸ் அங்கேயும் கடை விரிச்சது. பேங்க்னா ஏ.சி. ரூம், டோக்கன் மெஷின்னு நினைச்சுடாதீங்க. ஆளுங்க பையில் தங்கத் தூளோட வருவாங்க. பேங்க் ஆள் தராசில் நிறுத்து வாங்கணும். அதுல கறுப்பு மணலைக் கலந்து எடை ஏத்துறவங்களும் உண்டு. முகத்தைப் பார்த்து, தூளைப் பார்த்து, முடிவு எடுக்கணும்.

அதைவிடப் பெரிய தலைவலி வேற. மறு வருஷமே அலாஸ்காவில் நோம் என்ற இடத்தில் தங்கம்னு சேதி வந்துச்சு. அந்த ஒரே கோடையில் டாசனை விட்டு ஆயிரக்கணக்கானவங்க மூட்டையைக் கட்டிட்டாங்க. கடன் வாங்கினவனும் போயிட்டான், கடனுக்கு ஆதாரமா இருந்த ஊரும் போச்சு. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதோட, இந்த ஊர் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்னும் அந்த ஊர் பேங்க்காரர் கணக்குப் போடணும். (பி.காம். படிச்சுக்கிட்டே கவிதை எழுதுற மக்களே, உங்களுக்காக ஒரு தகவல்: ராபர்ட் சர்வீஸ் இதே பேங்க்ல குமாஸ்தா. 1904-ல் யூகான் பக்கம் மாற்றலாகிப் போனார். தங்க வேட்டை ஓய்ஞ்ச பிறகுதான் போனார். ஆனா அந்த வேட்டையைப் பத்தின கவிதைகளே அவரைப் பணக்காரர் ஆக்குச்சு. 1909-ல் வேலையை விட்டுட்டார்!)

'சரி, நம்ம ஊர்ல ஏதுங்க தங்கம்?' தங்கம் இல்லை. சேலத்தில் மேக்னசைட் உண்டு, ஆனா அதுக்குக் கூட்டம் கூட்டமா ஜனம் ஓடிவரல. நம்ம பக்கத்தோட நிஜமான சுரங்கம் தண்ணீர்தான். உலகத்திலேயே அதிகமா நிலத்தடி நீரை எடுக்கிற நாடு இந்தியா. 1967-ல் பீகாரில் வறட்சி வந்தப்ப, கெட்டிப் பாறையைக் காற்றழுத்தத்தால் துளைக்கிற மெஷின்களை யுனிசெஃப் கொண்டு வந்து இறக்குச்சு. மாசக்கணக்கா வெட்டுற கிணத்து வேலை இருந்த இடத்துல, ஒரு நாள்ல துளை போட்டுட்டுப் போற வேலை வந்தாச்சு. அந்தத் தொழிலைப் பிடிச்சுக்கிட்டு இந்தியா பூரா போன ஊர்னா, அது திருச்செங்கோடு. மத்தியப் பிரதேசத்திலோ ராஜஸ்தானிலோ ஒரு ரிக் வண்டியைப் பார்த்தீங்கன்னா, நம்பர் பிளேட்டைக் கவனிங்க. நம்ம ஊர் வண்டியா இருந்தாலும் இருக்கும்.

ஒரு செட்டுன்னா ரெண்டு லாரி. ஒண்ணுல ரிக், இன்னொண்ணுல கம்ப்ரஸரும் குழாய்களும். விலை பெருசு. கையில காசு வச்சுக்கிட்டு வாங்குறவர் அபூர்வம். உறவுக்காரங்க, நண்பர்கள் சேர்ந்து பங்கு போட்டு நடத்துற ஃபைனான்ஸ்கள் இந்தப் பக்கம் பெருகினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டாசன்காரர் மாதிரியேதான் இங்கேயும். சம்பள ரசீது கிடையாது. வருமான வரிக் கணக்கு கேட்டா சிரிப்பாங்க. அடமானம் என்ன? அந்த வண்டியேதான். அதுவோ ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு! ஆர்.சி. புக்ல ஃபைனான்ஸ் பேர் ஏறியிருக்கும், அவ்வளவுதான் பிடி. மீதியெல்லாம் ஆளைப் பார்த்துத்தான். டிரைவரா எத்தனை வருஷம் ஓட்டினார், யாருகிட்ட ஓட்டினார், ஜாமீன் போடுறவர் யாரு, அவர் சொந்த டியூவை ஒழுங்கா கட்டுறாரா... டீக்கடையில் நாலு பேரை விசாரிச்சா ஜாதகமே வந்துடும்.

இதைப் பெரிய அளவில் செஞ்சு காட்டினவர் ஆர். தியாகராஜன். கணிதம், புள்ளியியல் படிச்சவர். நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்ல வேலை பார்த்தவர். 1974-ல் சென்னையில் நண்பர்களோடு ஸ்ரீராம் சிட்ஸ் தொடங்கினார். 1979-ல் லாரிக்குக் கடன் கொடுக்கிற ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வந்துச்சு. பேங்க்குகள் பழைய லாரியைப் பார்த்தாலே ஓடின காலம். 'பழைய லாரி வாங்குற டிரைவர் ஏமாத்துவான்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அந்தக் கணக்கே தப்பு' என்பதுதான் அவரோட கட்சி. அந்தக் கம்பெனி 2022-ல் குழுமத்தின் மத்த கம்பெனிகளோட இணைஞ்சு ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆச்சு. 2013-ல் அவருக்கு பத்மபூஷண் கிடைச்சது. தன்னோட பங்குகளை ஊழியர்கள் நலனுக்கான டிரஸ்ட்டுக்குக் கொடுத்துட்டு, எளிமையா இருக்கிறவர்னு பேர்.

சும்மா சொல்லக் கூடாது, பேங்க் வாசல்ல நிக்கவே முடியாத ஒருத்தரை வண்டி ஓனராக்குறது சின்ன விஷயமில்லை. ஆனா இந்தக் கதையில் இன்னொருத்தர் இருக்கார். நம்ம பார்வையில் படவே மாட்டார்.

போர் போடுறதுக்குக் கூலி அடிக் கணக்கு. தண்ணி வந்தாலும் வரலேன்னாலும் அடிக்குக் காசு. ரிக்காரர் தன் டியூவைக் கட்டிடுவார், ஃபைனான்ஸ்காரர் வட்டியை எடுத்துடுவார். உள்ளங்கையில் தேங்காயை வச்சு நீரோட்டம் பார்த்து, ஆயிரம் அடி போயும் புழுதி மட்டும் கிளம்பினா, அந்த நஷ்டம் மொத்தமும் தோட்டத்துக்காரருக்கு. அடுத்த இடத்துல இன்னொண்ணு போடலாம்னு அவர் மறுபடி கடனுக்குப் போவார். நகையில் ஆரம்பிச்சு, கைமாத்துக்குப் போய், கடைசியில் மீட்டர் வட்டி. கந்துவட்டிக்கு எதிரா 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற எத்தனை பேருக்குத் தைரியம் வரும், சொல்லுங்க? டாசன்ல ஊரே காலியாச்சு. இங்கே ஊர் அப்படியே இருக்கும், அடியில் தண்ணிதான் இறங்கிக்கிட்டே போகும். ரிக் வண்டிக்குச் சக்கரம் இருக்கு, அடுத்த மாநிலத்துக்குப் போயிடும். தோட்டத்துக்கு ஏது சக்கரம்?

சரி, உங்களுக்கு நேரடியா உதவுற ரெண்டு விஷயம். படிச்சு முடிச்சதும் உங்கள்ல சிலருக்குக் கிடைக்கப் போற முதல் வேலையே ஏதாவது ஒரு ஃபைனான்ஸ்ல கலெக்ஷன் வேலையா இருக்கலாம். டியூ நின்னு போன வண்டியை ஆள் வச்சு மிரட்டிப் பிடுங்கக் கூடாது, சட்டப்படிதான் எடுக்கணும்னு 2007-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 'சீஸிங்குக்குக் கூட வா'ன்னு மேலே இருக்கிறவர் கூப்பிட்டா, இது ஞாபகம் இருக்கட்டும்.

ரெண்டாவது, வீட்டில் இருக்கிற கடன் அட்டை. '12 பர்சன்ட்தாம்பா'ன்னு அப்பா சொல்வார். அது ஃப்ளாட்டான்னு கேளுங்க. 1 லட்சம் கடன், 36 மாசம், 12 சதவீதம் ஃப்ளாட்னா மொத்த வட்டி 36,000 ரூபாய், மாச டியூ சுமார் 3,778. ஆனா மாசா மாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வருதே! முழு ஒரு லட்சமும் உங்க கையில் இருக்கிறது முதல் மாசம் மட்டும்தான். வட்டியோ 36 மாசமும் முழு லட்சத்துக்கு. குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு 21 சதவீதத்துக்குப் பக்கத்துல வரும். கம்ப்யூட்டர் லேப்ல எக்ஸெல் திறந்தா அஞ்சு நிமிஷ வேலை. அட்டையைக் கேட்டு வாங்கும்போது அப்பா முறைப்பார். டியூ தேதிக்கு மறுநாள் கேளுங்க.