கிரயமா, குத்தகையா?

சென்ற கோடை விடுமுறையில் குன்றாண்டார்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகன், கூடத்து மூலையில் பழைய வேட்டியால் மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரைக் கண்டதும், "மாமா, இதுல நான் கார் ரேஸ் விளையாடுவேனே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டான். திருச்சியில் கல்லூரியிலே இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை, இக்காலத்து விளையாட்டுகளின் பளபளப்பையெல்லாம் பார்த்துப் பழகினவன், எட்டு வயதில் ஆடிய ஒன்றை அவ்வளவு ஆவலோடு விசாரித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த விளையாட்டின் தட்டு, உறையோடும், உறையின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்களோடும் அலமாரியில் பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டர்தான் பத்திரமாக இல்லை.

பொத்தானை அமுக்கினால் விசிறி இரைந்தது. திரையிலே அம்பு நகர்வதற்கு ஒரு யுகம் பிடித்தது. இந்த நிலைமைக்கு நம் ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லுகிற பரிகாரம், "சிஸ்டம் ஸ்லோவாயிடுச்சு, ஃபார்மேட் அடிச்சிடுங்க" என்பதுதான். ஆனால் புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் புழுதியை அறிந்தவர்கள் முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைத்தான் கழற்றிப் பார்க்கவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் காற்றடிக்கும்போது ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் வீட்டுக்குள் வந்து படிகிற அந்தப் புழுதி, பிராசஸரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் அடைத்துக்கொண்டு காற்றை மறித்துவிடுகிறது. சூடு ஓர் அளவைக் கடந்ததும், தான் எரிந்துபோகாமல் இருக்கும் பொருட்டுப் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விளையாட்டோ தட்டித் தடுமாறி நகர்கிறது. விசிறியின் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் புழுதியைத் தட்டி, பிராசஸருக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்தெடுத்து, அந்த இடத்தில் புதிதாக ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தோம். பாதி நோய் அத்துடன் தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு ஃபார்மேட் செய்யவேண்டியதாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால், அவன் விளையாடி நிறுத்திய இடங்கள் பதிவாகியிருந்த கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்தோம். இந்த ஒரு காரியத்தை மறந்துவிட்டுப் பின்னால் வருந்துகிற வீடுகள் அநேகம் ஆதலால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு ஓ.எஸ்., அதன் பிறகு கிராஃபிக்ஸ் கார்டுக்குரிய டிரைவர், கடைசியில் விளையாட்டுத் தட்டு என்று முறையாக ஒவ்வொன்றையும் ஏற்றினோம். உறையின் பின்னிருந்த எண்களை அவன் வாய்விட்டு வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். விளையாட்டு ஓடிற்று. தன் பெயரை எழுத்துப் பிழையோடு பதிந்து வைத்திருந்த அந்தப் பழைய வெற்றிப் பட்டியலை அவன் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை, மூன்று வருஷத்துக்கு முன் தன் கைப்பணத்தைக் கொடுத்து இணையத்தின் மூலம் வாங்கிய வேறொரு விளையாட்டையும் ஏற்றிப் பார்த்தான். அது திறந்தது; எங்கோ தொலைதூரத்திலிருந்த தன் எஜமானனின் கம்ப்யூட்டரை அனுமதி கேட்டது; அந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஒரு வரி தெரிவித்துவிட்டு மூடிக்கொண்டது. தட்டில் வாங்கியது யாருடைய தயவையும் நாடாமல் ஓடிற்று. இணையத்தில் வாங்கியது, வாங்கினவன் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே இறந்துபோயிற்று. கிராமத்து மனிதர்களுக்கு இதைப் புரியவைக்க நீண்ட வியாக்கியானம் வேண்டியதில்லை. கிரயம் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, குத்தகைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் காலவரையறை எழுதாத குத்தகை.

இது ஒரு பையனின் துரதிருஷ்டம் மட்டுமல்ல. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற மோட்டார் பந்தய விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, அதை விலை கொடுத்து வாங்கியிருந்த ஒருவராலும் அப்போது அதை விளையாட முடியவில்லை. தனியாகக் காரோட்டிப் பார்ப்பதற்குக்கூட அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரோடு தொடர்பு இருந்தே ஆகவேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். இதைக் கண்டித்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்னும் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்திடம் சமர்ப்பிக்கும் மனுவுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களை 2025 ஜூலைக்குள் திரட்டியது. கலிபோர்னியா மாகாணம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, விற்பது உடைமை அல்ல, உபயோகிக்கும் உரிமம் மாத்திரமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவித்த பிறகே 'வாங்கு' என்ற வார்த்தையைப் பிரயோகிக்கலாம் என்று விதித்திருக்கிறது.

சேவையை நடத்துவதற்குச் செலவாகிறது, எந்தக் கம்பெனியும் சாசுவதமாக நஷ்டத்தைச் சுமக்க முடியாது என்று வியாபாரிகள் தரப்பில் சொல்கிறார்கள். அது நியாயமான பேச்சு. கோயிலுக்கு நிலம் எழுதி வைத்த நம் முன்னோர், சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள்; விளையாட்டு விற்பவரிடம் நாம் சந்திர சூரியரைக் கேட்கவில்லை. கடையைக் கட்டிக்கொண்டு போகிறவர், வாங்கினவன் வீட்டில் அந்தச் சரக்கு தானாக ஓடும்படி செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் கேட்கிறோம். அது அசாத்தியமும் அல்ல: கண்டனம் வலுத்த பிறகு அதே யூபிசாஃப்ட், அந்த வரிசையில் பின்னால் வந்த இரண்டு விளையாட்டுகளுக்கு இணையமின்றி ஓடும் வழியை ஏற்படுத்துவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

தட்டு இருந்தால் போதும் என்று நிம்மதி அடைவதற்கும் இடமில்லை. திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டைப் போட்டு வெளிவந்த எத்தனையோ தட்டுகள், 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, அந்தப் பூட்டினால் கம்ப்யூட்டரின் பாதுகாப்புக்கு அபாயம் என்று மைக்ரோசாஃப்ட் அதை விலக்கிவிட்டதால் ஓடாமற்போயின. பூட்டு உளுத்துப்போக, வீட்டுக்காரன் வெளியே நிற்கும்படி ஆயிற்று. பூட்டில்லாமல் விற்றாலும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு, பழைய விளையாட்டுகளைச் செப்பனிட்டு 2008 முதல் விற்றுவரும் போலந்து நாட்டு 'ஜி.ஓ.ஜி.' கடை அத்தாட்சி. அங்கே வாங்கியதை நம் வட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றலாம். புதிய பிராசஸர்களில் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடிவிடும் பழைய டாஸ் காலத்து விளையாட்டுகளை அந்நாளைய நிதானத்தில் ஓட்டித் தருகிற 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருளை, 2002 முதல் தன்னார்வலர்களே பேணி வருகிறார்கள். அவர்கள் செய்வதை நான் பெரிய தர்மமாகவே மதிக்கிறேன்.

விளையாட்டுக்குப் போய் இவ்வளவு விசாரமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கனடாவில் உருவாகி 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா' என்ற விளையாட்டு, தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் இருக்க, விட்டுப்போன இடங்களை ஊகித்து இட்லியையும் பிரியாணியையும் பக்குவம் பிசகாமல் செய்வதே அதில் ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, அறிமுகப் படைப்புக்குரிய விருதை அதற்கு வழங்கியது. நம்முடைய பாஷையையும் அடுக்களையையும் உலகம் அறியக் கொண்டுபோன அந்தப் படைப்பு, முப்பது வருஷம் கழித்து ஒரு பேரப்பிள்ளை தேடும்போது ஓடுமா? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அந்நாட்டு 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023இல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. கிழிந்த ஏட்டையாவது ஊகித்துப் படிக்கலாம். திறவாத கோப்பில் ஊகிக்க என்ன இருக்கிறது?

நம் தேசத்தில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பவேண்டும் என்று 1954ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. புத்தகத்துக்கு அன்று காட்டிய அந்தத் தீர்க்கதரிசனத்தை, இந்தியாவில் வெளியாகும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் காட்டி, பூட்டில்லாத ஒரு பிரதியை நூலகத்தில் ஒப்படைக்கும்படி பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தவேண்டும். விற்பது கிரயமா குத்தகையா என்பதைப் பணம் வாங்கும் முன்பே, வாங்குகிறவனின் பாஷையில் சொல்லிவிடும்படி மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை கட்டளையிடவேண்டும். எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்கு இவ்விரண்டையும் கோரி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். வாசகர்களும் தத்தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.