"ரெண்டு போனும் ஒண்ணுதானே டீச்சர்?"

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு, கடைக்குக் கிளம்புகிற அன்றைக்குப் படியுங்கள்.

காப்பிக் காசு கைக்கு வந்து, மிளகும் காய்ந்துகொண்டிருக்கிற நேரம் இது. வருடா வருடம் இந்த மாதங்களில் என் வாட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரியான செய்தி வரும். இரண்டு போன் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பி, "டீச்சர், ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு, எதை வாங்கட்டும்?" என்று கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சரி, தவறு போட்ட கைதானே, இதற்கும் ஒரு டிக் போட்டுவிடும் என்று நினைக்கிறார்கள் போல. டிக் போட முடியாது கண்ணு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பாஸ் பண்ணுவது உங்கள் பாடு.

என் கருத்து இதுதான். கடையில் நாம் ஒரு போனை இன்னொரு போனோடு ஒப்பிடுகிறோம். மலையில் இருக்கிறவர்கள் போனைத் தன் வீட்டோடும் தன் வேலையோடும் ஒப்பிட வேண்டும்.

முதலில், ஏன் எல்லாம் ஒன்று மாதிரி இருக்கிறது என்று கேட்டால், பல சமயம் உண்மையிலேயே ஒன்றுதான். 2023-ல் சாம்சங் எஃப்14 5ஜி என்று ஒன்று வந்தது. அடுத்த மாதமே எம்14 5ஜி வந்தது. இரண்டிலும் அதே எக்ஸினோஸ் 1330 சிப், அதே 6.6 அங்குலத் திரை, அதே 6,000 எம்ஏஎச் பேட்டரி. ஒன்று பிளிப்கார்ட்டில் விற்க, மற்றது அமேசானில் விற்க. அதே வருடம் டிசம்பரில் வந்த ரெட்மி 13சி 5ஜியும், சில நாள் கழித்து வந்த போக்கோ எம்6 5ஜியும் அப்படித்தான், ஒரே உடம்புக்கு இரண்டு சட்டை. இந்த மாதிரி ஜோடியில் எது விலை குறைவோ அதை வாங்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இரண்டு நாள் யூடியூப் பார்த்துத் தலையைக் குழப்பிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

வெளியே ஒன்றுபோல இருந்து உள்ளே வேறாக இருப்பவைதான் ஆபத்து. ரெட்மி 13சி என்ற பெயரிலேயே ஒரே நாளில் 4ஜி ஒன்றும் 5ஜி ஒன்றும் வந்தன. திரை அளவு ஒன்று, பேட்டரி ஒன்று, 50 மெகாபிக்சல் கேமரா என்பதும் ஒன்று. சிப் முற்றிலும் வேறு. பெயரின் கடைசி எழுத்தைப் படிக்காமல் பில் போட்டால் வேறு போனோடு வீட்டுக்கு வருவீர்கள்.

அட்டைப் பெட்டி மேல் இருக்கும் பெரிய எண்களைப் பற்றி இரண்டே வார்த்தை. "8 ஜிபி ரேம்" என்று போட்டு, கீழே எறும்பு எழுத்தில் 4+4 என்றிருந்தால், இரண்டாவது 4 நிஜ ரேம் இல்லை. போனின் சேமிப்பு இடத்தில் கொஞ்சம் கடன் வாங்கியது. பின்னால் மூன்று கண் இருந்தால் மூன்று நல்ல கேமரா என்று அர்த்தமில்லை. குறைந்த விலைப் போன்களில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றவை பெரும்பாலும் 2 மெகாபிக்சல் அலங்காரம்.

இனி டவர் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் மலையில் முதல் கேள்வி இதுதான்.

செம்மேட்டுக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் எந்தப் போனும் நல்ல போன்தான். அங்கிருந்து உங்கள் நாட்டுக்குப் போய், பள்ளத்தில் இறங்கி, அடுப்படியில் நின்று பாருங்கள். 2020-ல் பள்ளிகளை மூடி, பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னபோது நமக்கு இது நன்றாகவே தெரிந்தது. பிள்ளைகள் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் இறக்கினார்கள். யார் வீட்டில் விலை உயர்ந்த போன் இருந்தது என்பது அன்றைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எந்தப் பிள்ளையிடம் டவர் எடுக்கிற போன் இருந்ததோ அந்தப் பிள்ளை படித்தது.

போனுக்குப் போன் இது மாறுவது ஏன்? டவரிலிருந்து வரும் அலைகளில் பல வகை உண்டு. தாழ்ந்த அதிர்வெண் அலை தூரம் போகும், மேடு மரம் சுவர் தாண்டிக் கொஞ்சம் உள்ளேயும் நுழையும். உயர்ந்த அதிர்வெண் அலை வேகமாகத் தரவு தரும், ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். திருவிழா மேளம் அடுத்த பள்ளத்துக்குக் கேட்கும்போது 'தும் தும்' என்ற தாழ்ந்த ஒலிதானே முதலில் வருகிறது, அதுபோல வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒவ்வொரு வகைக்கும் 'பேண்ட்' என்று ஒரு எண் உண்டு. பிஎஸ்என்எல் 4ஜியின் தாழ்ந்த அலை 700 மெகாஹெர்ட்ஸ், அதன் எண் 28. ஜியோ 4ஜிக்கு 5. ஏர்டெல்லுக்கு 8. ஜியோவின் 5ஜியும் 700-ஐப் பயன்படுத்துகிறது, அதை n28 என்று எழுதுவார்கள். போனில் அந்த எண் இல்லையென்றால், டவர் உங்கள் தலைக்கு மேலேயே நின்றாலும் அந்த அலை உங்கள் போனுக்குக் கேட்காது.

பிஎஸ்என்எல் 28-ஐப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. டவரே இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த வேலை பிஎஸ்என்எல் வழியாகத்தான் நடக்கிறது. 2025 செப்டம்பர் 27 அன்று அதன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியையும் தொடங்கி வைத்தார்கள். மலைக்காரர்கள் பலருக்கு இரண்டாவது சிம் பிஎஸ்என்எல்தான். ஆனால் இந்தியாவில் விற்ற பழைய போன்கள் நிறையவற்றில் 28 கிடையாது. ஆகவே கடைக்காரத் தம்பியிடம் "இதுல பேண்ட் 28 இருக்கா?" என்று கேளுங்கள். அவர் முழித்தால், கம்பெனியின் இந்திய இணையதளத்தில் அந்த மாடலின் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். ஒரே பெயருள்ள போனில் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும்.

இதை விடவும் சுலபமான பரீட்சை ஒன்று உண்டு. அதே மாடல் வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, உங்கள் சிம்மை அதில் போட்டு, உங்கள் வீட்டுக்குள் நின்று ஒரு போன் பேசிப் பாருங்கள். ஒரு டீ செலவு.

போன வருடம் என் மாணவி ஒருத்திக்கு இதைத்தான் சொன்னேன். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். 2023 ஜனவரி 1 முதல் அந்த வருகைப்பதிவு செல்போன் செயலியில்தான் என்று கட்டாயமாக்கினார்கள். தனிநபர் வேலைகள் தவிர மற்ற இடங்களில் எல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்களைப் படம் எடுத்து, இடக் குறிப்போடு ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லை என்றால் அன்றைக்கு மண் வெட்டிய பெண்களின் கூலி சிக்கலில் மாட்டும். போன் அவளுடையது, கூலி இருபது முப்பது குடும்பத்தினுடையது. அவள் முன்னால் இரண்டு போன் இருந்தன, வித்தியாசம் 2,500 ரூபாய். விலை கூடியதில் கேமராவும் வேகச் சார்ஜும் மேல். விலை குறைந்ததில் பேண்ட் 28 இருந்தது. இரண்டு சிம்மும் மெமரி கார்டும் சேர்த்துப் போட மூன்று தனித்தனி இடமும் இருந்தது. விலை கூடியதில் இரண்டே இடம், இரண்டாவது சிம்மைப் போட்டால் கார்டு போட முடியாது. இரண்டு சிம் இல்லாமல் நம் பக்கம் வேலை பார்க்க முடியுமா? அவள் குறைந்த விலைப் போனை வாங்கி, மிச்சக் காசில் ஒரு பவர் பேங்க் வாங்கினாள். "செல்ஃபி சுமார்தான் டீச்சர்" என்று ஒரு குறை மட்டும் சொல்கிறாள். இருக்கட்டும்.

5ஜி விஷயத்தில் என் அண்ணன் மகனுக்கும் எனக்கும் ஒத்துவராது. "அத்தை, இனிமே 4ஜி போன் வாங்கறது காசைக் குப்பையில போடறது" என்கிறான். அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், அவனுக்கு அது சரி. கீழே நாமக்கல், சேலம் என்று வேலைக்குப் போகப் போகிற பிள்ளைகளும் 5ஜியே வாங்குங்கள். மலையிலேயே விவசாயம், கடை, டெம்போ என்று இருப்பவர்கள் தங்கள் ஊரில் 5ஜி வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 5ஜி என்று எழுதியிருந்தாலே எல்லா 5ஜியும் வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜியில் ஜியோ பயன்படுத்தும் எஸ்ஏ வகை 5ஜி மட்டும்தான் உண்டு. அப்போது ஏர்டெல் நடத்திய என்எஸ்ஏ வகை அதில் வராது, ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு 4ஜிதான் கிடைத்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் 5ஜி!

வீட்டில் பிராட்பேண்ட் கம்பி இழுத்திருப்பவர்கள் 'வைஃபை காலிங்' வசதி உள்ள போனாகப் பாருங்கள். ஏர்டெல், ஜியோ இரண்டிலும் 2020 வாக்கிலேயே வந்துவிட்டது, தனிக் கட்டணம் இல்லை. வீட்டுக்குள் டவர் சுத்தமாக இல்லாவிட்டாலும் வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பு வரும், போகும். என் வயதுக்காரர்கள் ராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி டவர் தேட வேண்டியதில்லை.

கைரேகை பற்றி ஒன்று. காடு கரையில் வேலை செய்கிற கை, மிளகுக் கொடியைப் பிடித்து, கிழங்கு பிடுங்கித் தேய்ந்த கை. திரைக்குள் இருக்கும் கைரேகைப் பூட்டு இந்த விரல்களை, அதுவும் ஈரத்தில், சட்டென்று படிக்காது. பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பது என் அனுபவத்தில் பரவாயில்லை. கடையிலேயே உங்கள் விரலை வைத்துப் பத்து முறை திறந்து பாருங்கள். அப்பா அம்மாவுக்கு வாங்கினால் அவர்கள் விரலையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓய்வூதியம் வாங்கும் சொந்தங்களுக்கு: முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் சான்று கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அதற்கு முன்பக்கக் கேமரா தெளிவாக இருக்க வேண்டும், போனில் காலி இடமும் வேண்டும். பேரன் கழித்துப்போட்ட போனில் அது திணறினால் உங்கள் முகத்தில் குறையில்லை.

விலையைக் கணக்காகப் போடுங்கள், கழித்தலும் வகுத்தலும் சொல்லித்தந்திருக்கிறேன். 9,000 ரூபாய் போன் மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 3,000. 13,000 ரூபாய் போன் ஐந்து வருடம் ஓடினால் 2,600. எது மலிவு? எத்தனை வருடம் ஓடும் என்பதை அப்டேட் கணக்கு ஓரளவு சொல்லும். சாம்சங் ஏ16 5ஜிக்கு 6 வருடம் என்று அறிவித்தார்கள். ரெட்மி ஏ4 5ஜிக்கு இரண்டு ஆண்ட்ராய்டு மாற்றமும் 4 வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் என்றார்கள். விலை வேறு, தெரியும். ஆனால் அப்டேட் நின்ற போனில் பேங்க் செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பழைய 4.4 ஆண்ட்ராய்டு போன்களில் 2025 ஜனவரி 1-லிருந்து வாட்ஸ்அப்பே நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும், 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இங்கே அப்படி இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சர்வீஸ் சென்டர் எங்கே என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஒரு திரை உடைந்தால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல்லோ சேலமோ போய், "பார்ட்ஸ் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுத் திரும்ப ஏற வேண்டும். இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போனின் விலையில் சேர்ந்ததுதான்.

தவணையில் வாங்குகிறவர்கள், "வட்டியில்லாத் தவணை" என்றால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டையும் கூட்டினால் வட்டி வெளியே வரும். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி குறைப்பில் போன் விலையும் இறங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனுக்கு 2020 ஏப்ரல் முதல் இருக்கும் அதே 18 சதவீதம்தான்.

பழைய போன் வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அந்தப் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் KYM என்று அடித்து, இடம் விட்டு அந்த எண்ணை அடித்து, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடல், திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று பதில் வரும். விற்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் செய்யுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். மலையில் இருக்கிறவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள்: உங்கள் ஊர் எது, என்ன போன், என்ன சிம், வீட்டுக்குள் டவர் எடுக்கிறதா, வாசலுக்கு வர வேண்டுமா. சோளக்காடு பக்கம், வளப்பூர்நாடு, குண்டூர்நாடு, அரியூர்நாடு எல்லாரும் எழுதுங்கள். ஊர்வாரியாக நோட்டில் எழுதி, பங்குனிக்குள் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.